நான்கு கேள்விகளில் அகப்படாத மாவு

சென்ற மாதம் எங்கள் பழைய நிறுவனத்திலிருந்து கவிதா அழைத்திருந்தார். கிள்ளான் துறைமுகத்திற்கு வந்து நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி முதல் பல்குச்சி வரை வழங்கும் நிறுவனம் அது. ஓய்வு பெறும் வரை நான் அமர்ந்திருந்த நாற்காலியில் இப்போது அமர்ந்து கொள்முதலைக் கவனிப்பவர் கவிதா.

“அங்கிள், இப்பல்லாம் கப்பல் குக்கே போன்ல படத்தைத் தொட்டு ஆர்டர் போட்டுடுறான். நமக்கு வேலை மிச்சம்னு நெனச்சேன். நேத்து ஒருத்தன் மாவு படத்தைத் தொட்டான். அதே படம், அதே பாக்கெட் அனுப்பிச்சேன். இது இல்லேன்னு திருப்பிட்டான் லா. நீங்கள்லாம் படமே இல்லாம எப்படி சாமான் தேடுனீங்க? ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்களேன், ஆபீஸ் குரூப்ல போடுறோம்.”

எழுத அமர்ந்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. முப்பத்து நான்கு ஆண்டுக்கால அலுவலில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பவை அனைத்தும் நான் தவறாக வாங்கிய பொருள்களே. சரியாக வாங்கியவற்றை எவரோ உண்டு முடித்துவிட்டனர்; அவற்றின் கதை அத்தோடு தீர்ந்தது. தவறியவற்றுள்ளும் என்னை மிகுதியாக அலைய வைத்தவை தென் அமெரிக்க உணவுப் பொருள்கள். அக்கண்டத்து மாலுமிகள் நம் துறைக்கு அரிதாகவே வருவார்கள். வந்தால், நம் கடைத்தெருவில் எவரும் கேட்டிராத ஒன்றைக் கேட்பார்கள். ஆகவே அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் தொடக்கக் காலத்தைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். லோரியில் மூட்டை ஏற்றினேன். பின்னர் மூட்டைகளை எண்ணினேன். பின்னர் கிடங்கில் பட்டியல் சரிபார்த்தேன். இறுதியில் கொள்முதல் எழுத்தர் ஆனேன். தமிழை நூலகத்திலும், ஆங்கிலத்தை டின் உணவுகளின் மேல் ஒட்டிய தாள்களிலும் கற்றேன்.

எங்கள் தொழிலின் கடுமை ஒரே ஒரு செய்தியில் அடங்கும். கப்பல் துறையில் ஒரு நாளோ ஒன்றரை நாளோதான் நிற்கும். தவறான பொருளை ஏற்றிவிட்டால், அதை மாற்றிக் கொடுக்க மறுநாள் என்பது கிடையாது. கப்பல் போய்விடும். அந்தத் தவறோடு இருபது பேர் கடலில் ஒரு மாதம் உணவருந்துவார்கள்.

இதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் கொள்முதல் மேலாளர் திருமதி பிலோமினா. நாங்கள் அனைவரும் அவரை மேடம் என்றே அழைத்தோம். அவர் லோரி ஓட்டுநர் முதல் முதலாளி வரை எல்லாரையும் ‘நீங்க’ என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருவர் தவறு செய்துவிட்டால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தாளின்மேல் வைப்பார். மேசை இழுப்பறையைத் திறப்பார். கைக்குட்டையில் சுற்றிய ஓர் எவர்சில்வர் கரண்டியை எடுத்து நம் முன்னே வைப்பார். அந்தக் கரண்டியைக் கண்டு நடுங்காதவர் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

எனக்கு அது முதன்முதலில் வைக்கப்பட்டது ஒரு பிரேசில் நாட்டுச் சமையற்காரரின் பொருட்டு. அவர் அனுப்பிய பட்டியலில் மரவள்ளி மாவு என்று இருந்தது. எனக்கென்ன தெரியும்? கடையில் கிடைக்கும் வெள்ளை மரவள்ளி மாவில் இருபது கிலோ ஏற்றி அனுப்பினேன். அவர் கப்பலின் ஏணிப்படியிலேயே மூட்டையைப் பிரித்தார். விரல்களுக்கு நடுவே மாவைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தம் சட்டைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து, அதன்மேல் இஸ்திரி தேய்ப்பதுபோல் கையை ஓட்டிக் காட்டினார். அதாவது, நான் அனுப்பியது துணிக்குப் போடும் கஞ்சி மாவு. அவர் கேட்டதோ மரவள்ளியைத் துருவி, பிழிந்து, பொன்னிறமாக வறுத்த ஒருவகை ரவை. அதை அவரைக் குழம்பின்மேல் தூவி உண்பார்களாம்.

மேடம் கரண்டியை வைத்தார். “நீங்க இதை வாயில வச்சுப் பாத்தீங்களா?”

“இல்லை மேடம்.”

“இப்ப வைங்க.”

ஒரு கரண்டி மாவை வாயில் போட்டுக்கொண்டேன். மேலண்ணத்தில் பசையாக ஒட்டிக்கொண்டது. பேச இயலவில்லை.

“நல்லா இருக்கா?”

இல்லையென்று தலையை அசைத்தேன்.

“இருபது பேருக்கு அனுப்பிச்சீங்களே.”

அவ்வளவுதான். ஏசவில்லை. ஆனால் அன்று மாலை பழைய நாட்காட்டி அட்டையின் பின்புறத்தில் நான்கு கேள்விகளை எழுதி என் மேசைக்கு எதிரே மாட்டினார். ஊறுமா? வேகுமா? ஒட்டுமா? எதோடு சேரும்? “பேரைக் கேக்காதீங்க. பேரு கடைக்குக் கடை மாறும். அது என்ன பண்ணும்னு கேளுங்க. கேட்டு வாங்கினப்புறம் வாயில வச்சுப் பாருங்க.”

மரவள்ளியே அவர்கள் கண்டத்திலிருந்து நம் பக்கம் வந்த கிழங்கு என்பதைப் பின்னர் நூலகத்தில் படித்து வியந்தேன். நாம் அதை அவித்துச் சம்பலோடு உண்கிறோம், சட்டைக்கும் போட்டுக்கொள்கிறோம். துருவி வறுத்துத் தூவ நமக்குத் தோன்றவில்லை.

அந்த நான்கு கேள்விகள் என்னைப் பல ஆண்டுகள் காத்தன. அர்ஜென்டினா நாட்டு அதிகாரி ஒருவர், தாம் குடிக்கும் பச்சை இலைத்தூள் தீர்ந்துவிட்டதென்று மிகவும் சோர்ந்திருந்தார். ஊறுமா? ஊறும். வேகுமா? கொதிநீர் கூடாது. ஒட்டுமா? இல்லை. எதோடு சேரும்? எதோடும் சேராது, உலோக உறிஞ்சு குழலால் தனியே உறிஞ்சிக் குடிக்க வேண்டும். இப்படி எழுதிக்கொண்டு கோலாலம்பூரில் கடை கடையாகக் கேட்டேன். இறுதியில் ஓர் அரபு மளிகைக் கடையில், கல்லாவின் பின்னே அமர்ந்திருந்த சிரியாக்காரரே அதே குழலால் அதே இலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார்! அவர்கள் ஊரிலிருந்து ஒரு காலத்தில் தென் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள், திரும்பும்போது அப்பழக்கத்தைக் கொண்டு வந்தார்களாம். அர்ஜென்டினாக்காரருக்குச் சிரியாக்காரரிடம் வாங்கி மலேசியாவில் கொடுத்தவன், கிள்ளானை அடுத்த பண்டமாரானில் குடியிருக்கும் தமிழனாகிய நான். அன்று எனக்குள் சற்றுச் செருக்கும் புகுந்துவிட்டது. இந்நான்கு கேள்விகளுக்கு அகப்படாத பொருள் உலகில் இல்லை என்று எண்ணினேன்.

அந்த எண்ணம் உடைந்தது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில். கேட்டவர் கப்பல்காரர் அல்லர்; எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் குடியிருக்கும் பாக்கியம்மாள். அவருடைய மகன் சரவணன் கப்பலில் பொறியாளர். கொலம்பியா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் யோலாந்தா என்னும் பெண்ணைக் கண்டு மணமுடித்துப் பண்டமாரானுக்கு அழைத்து வந்திருந்தார். வந்த பதினோராம் மாதத்தில் யோலாந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்போது சரவணன் கடலில் இருந்தார். திரும்ப மூன்று மாதம் ஆகும்.

குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, பாக்கியம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, என் மருமக சாப்பிட மாட்டேங்குறா. சண்டை போட்டாக்கூட சமாளிச்சிருவேன். சிரிக்கிறா அண்ணே. தட்டை வச்சா சிரிக்கிறா, ‘நன்றி அம்மா’ங்குறா, ரெண்டு வாய் தின்னுட்டு மூடி வச்சுடுறா. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, நாட்டுக்கோழி மிளகு ரசம், எது வச்சாலும் சிரிப்புதான்.”

“உடம்புக்கு ஒன்றுமில்லையே?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. பால்தான் பத்தல. கிளினிக்லேர்ந்து நர்சு மிஸ்ஸி வந்து புள்ளைய நிறுத்துட்டு, எடை ஏறலன்னு மூஞ்சைச் சுளிச்சிட்டுப் போயிருக்கு. வர்ற வியாழக்கிழமை மறுபடி வரும். அவங்க அம்மா அங்கேர்ந்து போன்ல அழுவுது. புள்ளைக்கு பாஸ்போர்ட் எடுத்ததும் கூட்டிட்டு வந்துருன்னு சொல்லுது. போனா திரும்பி வருவாளா அண்ணே? வாய்க்குச் சாப்பாடு இல்லாத ஊருக்கு யாரு திரும்பி வருவா?”

அவர் அழவில்லை. ஆனால் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி ஒரு கயிறாகவே ஆக்கிவிட்டார்.

“என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?”

“கேட்டேன். ஒண்ணும் வேணாம்னா. நேத்துத்தான் ஒரு பேரு சொன்னா. அரேப்பாவாம். சோளமாவுன்னு சொன்னா. கடையில வாங்கிக் கிண்டிக் கொடுத்தேன். போஸ்டர் ஒட்டுற பசையாட்டம் வந்துச்சு. அதுக்கும் சிரிச்சா.”

அன்று மாலை நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குச் சென்றேன். யோலாந்தா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். இருபத்தாறு வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருமை. நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். இங்கே தமிழில் தருகிறேன்.

“ஊறுமா அம்மா?”

“தண்ணீர் விட்டதும் குடித்துவிடும், அங்கிள். உடனே பிசையலாம்.”

“வேகுமா?”

“கல்லில் சுடுவோம்.”

“ஒட்டுமா?”

“கையில் ஒட்டவே ஒட்டாது.” சொல்லிக்கொண்டே ஒரு கையால் குழந்தையைத் தாங்கி, மறு கையைத் தொடைமேல் தட்டித் தட்டித் திருப்பிக் காட்டினார். அடை தட்டும் கை.

“எதோடு சேரும்?”

“வெண்ணெய். காலையில் அதோடு ஒரு சூடான பானம். கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கி வைத்திருப்போம், பழுப்பு நிறம். அதை வெந்நீரில் கரைத்துக் குடிப்போம். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் நாற்பது நாள் அதுதான் கொடுப்பார்கள். கோழிச்சாறும் கொடுப்பார்கள்.”

நான் இதைத் தமிழில் சொன்னதும் பாக்கியம்மாள் என்னைப் பார்த்தார். எழுந்து சாமி அலமாரியைத் திறந்து, பொங்கலுக்கு வாங்கி மீந்த அச்சு வெல்லத்தை எடுத்து வந்தார். யோலாந்தா அதை முகர்ந்தார். மீண்டும் முகர்ந்தார்.

“இது இந்த வீட்டிலேயே இருந்ததா?”

பதினோரு மாதமும் அங்கேதான் இருந்திருக்கிறது. பூசைச் சாமான் என்பதால் பாக்கியம்மாள் அதைச் சூடத்தோடும் சாம்பிராணியோடும் வைத்திருந்தார். அந்த அலமாரியைத் திறக்கலாமா கூடாதா என்று அறியாத மருமகள், மரியாதையாக அதைத் தொடாமலே இருந்துவிட்டார். அன்று அவர் வெல்லத் தண்ணீர் இரண்டு குவளை குடித்தார். பாதி வெற்றி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து வீடு திரும்பினேன்.

சனிக்கிழமை கோலாலம்பூருக்குச் சென்றேன். வெளிநாட்டவர் வாங்கும் பெரிய கடை ஒன்றில் விசாரித்தேன். அரேப்பா மாவு எப்போதாவது வருமாம். கடைசிப் பெட்டி தீர்ந்துவிட்டது. அடுத்த பெட்டி எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் பக்கத்து அடுக்கில் மெக்சிக்கோ நாட்டு முறை மக்காச்சோள மாவு இருந்தது. நான்கு கேள்விகளுக்கும் பொருந்தியது. வாங்கி வந்தேன். யோலாந்தா பையைப் பிரித்து முகர்ந்தார், புன்னகைத்தார்.

“இது மெக்சிக்கோ, அங்கிள். இதுவும் நல்ல மாவுதான். நன்றி.”

மடித்து வைத்துவிட்டார். அந்த நன்றி என்பதன் பொருள் எனக்கும் புரியத் தொடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி மளிகைக் கடையில், வட இந்தியர்கள் ரொட்டி சுடும் மஞ்சள் சோளமாவை வாங்கினேன். வாங்கிய அன்றே பாக்கியம்மாள் பிசைந்து தட்டினார். ஓரமெல்லாம் வெயிற்காலத்து வயல்போல் வெடித்தது. கல்லில் போட்டதும் நான்காக உடைந்தது. யோலாந்தா ஒரு துண்டை வாயிலிட்டார். “நன்றி அங்கிள். நன்றி அம்மா.” மீதித் துண்டுகளை அழகாக அடுக்கித் தட்டை மூடினார். உள்ளே குழந்தை அழுதது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு மீண்டும் ரயிலேறினேன். மேடம் ஓய்வு பெற்றபின் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்ககத்தில் வசித்து வந்தார். நடந்தது அனைத்தையும் கூறினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“வாயில வச்சுப் பாத்தீங்களா?”

வைக்கவில்லை. முப்பது ஆண்டு அனுபவம் இருந்தும் வைக்கவில்லை. சமைத்ததை அந்தப் பெண்தானே உண்ணப் போகிறார் என்று இருந்துவிட்டேன். மேடம் சமையலறைக்குள் போய்க் கரண்டியோடு வந்தார். அதே கரண்டி.

முதலில் மஞ்சள் மாவு. நாக்கில் மணல் போல நெருடியது. பச்சை வாசனை மூக்கில் ஏறியது. அடுத்து மெக்சிக்கோ மாவு. அதில் பச்சை வாசனை இல்லை. மென்மையாகக் கரைந்தது. கூடவே வேறொன்று, மிகவும் பழகிய ஒன்று. சற்று நேரம் கழித்தே பிடிபட்டது: வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் மணம். மெக்சிக்கோவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். அதனால்தான் யோலாந்தா முகர்ந்ததுமே மடித்து வைத்துவிட்டார்.

மேடமும் இரண்டையும் சுவைத்தார். “இது வெந்த மாவு. அது பச்சை மாவு. அவங்களுக்கு எது வேணும்?”

“தெரியவில்லை மேடம். நான்கு கேள்விகளையும் கேட்டேனே.”

அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நான் எழுதிக் கொடுத்த கேள்வி எல்லாம், இனிமே அது என்ன ஆகும்னுதான் கேக்குது. நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடி அதை என்ன பண்ணாங்கன்னு கேக்கவே இல்ல. இத்தனை வருசமா எனக்கும் தோணல பாருங்க. போன் போடுங்க.”

அங்கிருந்தே யோலாந்தாவை அழைத்தேன். மாவை ஆலையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆகவே வேறு விதமாகக் கேட்டேன். “சின்ன வயதில் அந்த மாவைச் சமைக்காமல் அப்படியே தின்றிருக்கிறீர்களா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்? நானும் என் தம்பியும் டின்னிலிருந்து அள்ளி அள்ளித் தின்போம். வாயெல்லாம் வெள்ளையாக இருக்கும். அம்மா விளக்குமாற்றோடு துரத்துவார்.”

பச்சை மாவை எந்தப் பிள்ளையும் அள்ளித் தின்னாது. ஆகவே அது வெந்த மாவு. அதைத் தமிழிலும் உரக்கச் சொன்னதும் அந்தப் பக்கம் பாக்கியம்மாள் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

“அவிச்ச மாவா? அட, இடியாப்பத்துக்கு நான் அவிக்கிறேனே, அந்த மாதிரியா? இதை மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணே!”

மஞ்சள் மாவில் கொஞ்சம் அவரிடமே இருந்தது. அதைத் துணியில் கட்டி ஆவியில் அவித்துப் பிசைந்தார். மாலையில் நான் போய்ச் சேர்ந்தபோது, வெடிக்காத, உடையாத அடை ஒன்று தட்டில் இருந்தது. யோலாந்தா பாதி உண்டார். பிறகு மீண்டும் அதே புன்னகை. இம்முறை நானும் ஒரு விள்ளலை வாயில் வைத்தேன். வடிவம் சரி, சுவையில் நாட்பட்ட பையின் தூசி. ஆகவே புதிய கேள்வியைத் தொடர்ந்து பின்னோக்கிக் கேட்டேன். பாக்கெட் மாவு வருவதற்கு முன்னர் உங்கள் ஊரில் என்ன செய்தார்கள்?

“இப்போதும் மலைப்பக்கத்து வீடுகளில் முழுச் சோளத்தை வேகவைத்துத்தான் அரைப்பார்கள், அங்கிள். சமையலறை மேசையில் ஓர் இரும்பு இயந்திரம் பொருத்தியிருக்கும்.” அவருடைய வலக்கை காற்றில் வட்டம் போட்டது. “இப்படிச் சுற்ற வேண்டும்.”

அந்த வட்டம் எனக்குத் தெரிந்த வட்டம். கப்பல் சமையலறைகளுக்கு நாங்கள் விற்கும், மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும், கையால் சுற்றி இறைச்சி அரைக்கும் கருவி. எங்கள் கிடங்கில் ஐந்தாறு புதிதாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் காய்ந்த முழுச் சோளம் கேட்டேன். பழக்கமான மாவு மில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன அண்ணே, கோழி வளக்க ஆரம்பிச்சிட்டீங்களா?”

“இல்லை. பாக்கியம்மாள் மருமகளுக்கு.”

“பாவம் லா! அந்தப் புள்ள அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தது இதைத் தின்னவா?” என்றாலும் உள்ளே போய், மனிதர் உண்ணும் தரத்தில் இரண்டு கிலோ தேடி எடுத்து, சொத்தையைப் புடைத்துக் கொடுத்தார். வேகவைத்து எடுத்து வந்தால் அரைத்துத் தருவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். “ஈரச் சோளத்தை என் மிஷின்ல போட்டா அப்புறம் நான்தான் கோழி வளக்கப் போகணும்” என்றார்.

புதன்கிழமை காலை. ஊறவைத்த சோளத்தைப் பாக்கியம்மாள் பிரஷர் குக்கரில் குழைய வேகவைத்து, உளுந்துக்குச் செய்வதுபோல் கையால் தேய்த்துத் தேய்த்துத் தோலைக் கழுவி வைத்திருந்தார். நான் கிடங்கிலிருந்து வாங்கி வந்த கருவியை மேசை விளிம்பில் பொருத்தித் திருகினேன். அறையிலிருந்து வெளியே வந்த யோலாந்தா அதைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு சிரித்தார். தட்டின்முன் சிரிக்கும் சிரிப்பன்று; தோள் குலுங்கும் சிரிப்பு. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, போய்க் கைப்பிடியைப் பற்றினார்.

“பச்சை உடம்புக்காரி, நீ ஏம்மா சுத்துற? குடு இங்க!” என்றார் பாக்கியம்மாள்.

“நான், அம்மா. நான்.”

இருவரும் சிறிது நேரம் அந்தக் கைப்பிடிக்காகப் போராடினார்கள். பிறகு மாமியார் சோளத்தை மேலே போட, மருமகள் சுற்ற, மஞ்சள் மாவு புழுப்புழுவாக வெளிவந்தது. பாக்கியம்மாள் உப்பிட்டுப் பிசைந்தார். யோலாந்தா உருண்டை பிடித்து, இரு உள்ளங்கைகளுக்கிடையே தட்டித் தட்டித் திருப்பினார். ஒட்டவில்லை. வெடிக்கவில்லை. தோசைக்கல்லில் இருபுறமும் புள்ளி புள்ளியாகக் கருகியதும் எடுத்து வெண்ணெய் தடவினார். கடித்தார்.

நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தோம். புன்னகை வரவில்லை. நன்றியும் வரவில்லை. நெற்றியைச் சுருக்கினார். மென்றார். விழுங்கினார். பிறகு, தமக்குத் தெரிந்த சிறிதளவு தமிழில், மாமியாரைப் பார்த்துச் சொன்னார்:

“உப்பு பத்தல லா, அம்மா.”

பத்தியம் என்பதால் பாக்கியம்மாள் உப்பைக் குறைத்தே போட்டிருந்தார். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“குறை சொல்றா அண்ணே! பதினோரு மாசத்துல மொத தடவையா குறை சொல்றா!”

உப்பு ஜாடியை அப்படியே தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். யோலாந்தா தூவிக்கொண்டார். ஒன்றை முடித்து இரண்டாவதை எடுத்தார். பின்னர் அடுப்பில் இருந்த நாட்டுக்கோழி மிளகு ரசத்தைத் தாமே கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, அரேப்பாவை அதில் தோய்த்து மூன்றாவதையும் உண்டார். “இதில் காரம் அதிகம்” என்றார் அடுத்து. “பூண்டும் அதிகம்.” ஒவ்வொரு குறைக்கும் பாக்கியம்மாளின் முகம் மலர்ந்துகொண்டே போனது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதை உண்டதும் முதலில் நினைவுக்கு வந்தது மேடத்தின் கரண்டிதான்.

மறுநாள் வியாழக்கிழமை மிஸ்ஸி வந்து நிறுத்தபோது குழந்தையின் எடை ஏறவில்லை. ஒரு நாளில் ஏறிவிடும் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். ஆனால் தாய் மேசையில் அமர்ந்து உண்டுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “இப்படியே சாப்பிடுங்க, போதும்” என்று சொல்லிப் போனார். அதற்கடுத்த வியாழன் எடை ஏறியிருந்தது. பாக்கியம்மாள் அதை எங்கள் வரிசை முழுவதும் வீடு வீடாகச் சென்று அறிவித்தார்.

அலுவலகச் சுவரில் அந்த நாட்காட்டி அட்டை அப்போதும் இருந்தது. மேடத்தின் அனுமதியைப் பெற்று, நான்கு கேள்விகளுக்கும் கீழே என் கையெழுத்தில் ஐந்தாவதை எழுதினேன்: முன்னர் அதை என்ன செய்தார்கள்? கவிதா, ஓய்வு பெற்ற நாளில் அந்த அட்டையைக் கிடங்குக் கதவின் பின்புறம் மாட்டிவிட்டு வந்தேன். உங்கள் கப்பல்காரர் மாவைத் திருப்பிய காரணம் அதில் இருக்கலாம். படம் பையின் வெளிப்புறத்தை மட்டுமே காட்டும்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது யோலாந்தா தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். அதற்குள் விடுப்பில் வந்திருந்த சரவணன் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார். பாக்கியம்மாள் போகவில்லை. இரண்டு மாதம் அவர் என்னிடம் அதிகம் பேசவும் இல்லை. அரைக்கும் கருவி மட்டும் மேசையிலேயே பொருத்தியபடி இருந்தது. அதைக் கழற்ற அவர் ஒப்பவில்லை.

யோலாந்தா சொன்ன தேதியில் திரும்பி வந்தார். மறுநாளே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு பையை என் கையில் கொடுத்தார். அசல் அரேப்பா மாவு. அவர்கள் ஊர்க் கடையில் வாங்கியது.

“இங்கே அம்மாவுக்கும் ஒரு பை கொடுத்தேன். சுட்டுத் தின்றுவிட்டு, நம்ம வீட்டுல அரைச்சதுதான் நல்லா இருக்கு என்கிறார்.”

“உங்களுக்கு?”

அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “அங்கே என் அம்மா சுட்டதை நானும் அப்படித்தான் சொன்னேன். அவருக்குக் கோபம்.”

அவர் போனபின் பையைப் பிரித்து, சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்து, மாவை வாயில் போட்டுக்கொண்டேன். பச்சை வாசனை இல்லை. சுண்ணாம்பு இல்லை. இலேசான இனிப்பு, உடனே கரைந்தது. டின்னிலிருந்து அள்ளித் தின்ற இரு பிள்ளைகளையும் துரத்திய தாயையும் எண்ணிக்கொண்டேன். பிறகு இன்னொரு கரண்டி மாவையும் வாயில் போட்டுக்கொண்டே மேடத்தை அழைத்து, யோலாந்தா திரும்பிவிட்டார் என்றும், அசல் மாவு கைக்கு வந்திருக்கிறது என்றும் சொல்ல வாயெடுத்தேன்.

“முதல்ல வாயில இருக்கறதை முழுங்குங்க” என்றார்.